‘படிக்காதவை 1000+’ என்று காட்டாத செய்தியோடை வாசிப்பான்: ஃபீட்லேண்ட் வடிவமைப்பு மீதான குறைகள் சரியா?

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்ததும் ‘படிக்காதவை 12’ என்று காட்டினால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. யாரோ உங்களுக்கென்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பதிலுக்குக் காத்திருக்கலாம். கட்ட வேண்டிய பில்லாகக்கூட இருக்கலாம். ஆனால், அதே எண் செய்திகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் என்ன அர்த்தம்?

வீட்டுக்கு நாளிதழ் வருகிறது. தலைப்புகளைப் பார்க்கிறோம், நாலு செய்தியை முழுசாகப் படிக்கிறோம், மற்றதைப் புரட்டிவிட்டு மடித்து வைக்கிறோம். மாதக் கடைசியில் பழைய பேப்பரை எடைக்குப் போடும்போது, ‘ஐயோ, இதில் அறுநூறு செய்தி படிக்கலையே’ என்று யாரும் வருத்தப்படுவதில்லை. படிக்காமல் விட்டது பாக்கி ஆகாது.

இணையத்தில் செய்தி படிக்க உதவும் ‘செய்தியோடை வாசிப்பான்’ எனப்படும் ஃபீட் ரீடர்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாகவே செய்துவந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் பக்கத்தில் படிக்காதவை எத்தனை என்று ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டி மேலே ஒரு பெரிய எண். 2022-ல் வந்த ஃபீட்லேண்ட் என்ற இணையவழி வாசிப்பான் வேறு வழியில் போனது. அதன் மையத்தில் அந்த எண் இல்லை. அதனாலேயே, ‘பழைய காலத்துப் பட்டியல் மாதிரி இருக்கு’, ‘முக்கியமானது தவறிப்போகும்’, ‘நான் எதைப் படிக்கிறேன்னு எல்லாருக்கும் தெரியுது’ என்று இப்படிப்பட்ட வடிவமைப்பின் மீது வழக்கமாக எழும் குறைகள் இதற்கும் பொருந்துகின்றன. அவற்றில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், செய்தியோடை என்றால் என்ன?

ஒரு இணையதளம் புதிதாக எதையாவது வெளியிடும்போது, நாம் பார்க்கும் பக்கத்தோடு சேர்த்து, கணினிகள் படிப்பதற்கென்று ஒரு சிறிய கோப்பையும் புதுப்பித்து வைக்கும். அதில் கடைசியாக வந்த சில பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் ஆகியவை வரிசையாக இருக்கும். எக்ஸ்எம்எல் என்ற எளிய வடிவில் எழுதப்பட்ட இந்தக் கோப்புதான் செய்தியோடை. ஆர்எஸ்எஸ் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

வாசிப்பான் என்பது, நீங்கள் சொல்லிவைத்த தளங்களின் ஓடைகளை அவ்வப்போது போய் எட்டிப்பார்த்து, புதிதாக வந்ததை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்துக் காட்டும் செயலி. இதில் ‘சந்தா’ என்றால் காசு கிடையாது. ‘இந்தத் தளத்தையும் பார்த்துக்கோ’ என்று சொல்லிவைப்பது, அவ்வளவுதான்.

ஆர்எஸ்எஸ் முதன்முதலில் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வந்தது. அதை உருவாக்கியவர்கள் ராமநாதன் குஹா, டேன் லிபி ஆகிய இருவர். இவர்களில் குஹா, சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பிறகு இந்த வடிவத்தைப் பலர் கையிலெடுத்தார்கள். 2000 டிசம்பரில் வெளியான ஆர்எஸ்எஸ் 1.0-ஐ எழுதிய குழுவில் இருந்த ஆரோன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14. 2002-ல் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ் 2.0-ஐ வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதன் உரிமை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்துக்கு மாற்றப்பட்டது. 2005-ல் ஆட்டம் என்ற இன்னொரு வடிவமும் தரநிலையாக அறிவிக்கப்பட்டது. இன்று நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்களும் பெரும்பாலும் இதே ஆர்எஸ்எஸ் வழியாகத்தான் உங்கள் போனுக்கு வந்து சேருகின்றன.

ஃபீட்லேண்டை உருவாக்கியிருப்பவரும் அதே டேவ் வைனர்தான். ஆக, இது அனுபவம் இல்லாதவர் அவசரத்தில் செய்த வடிவமைப்பு அல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கருத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவரின் வேலை. அந்தக் கருத்து சரியா என்பதுதான் கேள்வி.

படிக்காதவை எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

வெப் வருவதற்கு முன்பே, 1980-களில், யூஸ்நெட் என்ற விவாதக் குழுக்கள் இருந்தன. அவற்றைப் படிக்க உதவிய செயலிகள், நீங்கள் எந்தச் செய்திவரை படித்தீர்கள் என்று குறித்துவைத்துக்கொண்டன. மின்னஞ்சல் செயலிகளும் இதே வழியில் வந்தன. இடப்பக்கம் கோப்புறைகள், மேலே தலைப்புகள், கீழே முழுக் கடிதம் என்று மூன்று கட்டங்கள் வழக்கமாகின.

2002-ல் மேக் கணினிகளுக்கு வந்த நெட்நியூஸ்வயர் இந்த மூன்று கட்ட அமைப்பைச் செய்தியோடைகளுக்குக் கொண்டுவந்தது. 2003-ல் வந்த பிளாக்லைன்ஸ் அதே பழக்கத்தை உலாவிக்குள் கொண்டுவந்தது. 2005 அக்டோபரில் கூகுள் ரீடர் வந்தது. அதன் முதல் வடிவம் பலருக்கும் பிடிக்கவில்லை. 2006 செப்டம்பரில் முழுசாக மாற்றியமைத்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. இடப்பக்கம் தளங்களின் பட்டியல், பக்கத்தில் படிக்காதவற்றின் எண்ணிக்கை என்ற அந்த அமைப்பே ‘வாசிப்பான் என்றால் இப்படித்தான் இருக்கணும்’ என்று ஒரு தலைமுறைக்கே மனதில் பதிந்துவிட்டது.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கூகுள் ரீடர் முதலில் 100 வரைதான் எண்ணியது. அதற்கு மேல் போனால் ‘100+’ என்று காட்டும். 2007 செப்டம்பரில் அந்த வரம்பு ‘1000+’ ஆக உயர்ந்தது. இதை ஒரு முன்னேற்றமாகவே சொன்னார்கள். ஆனால், யோசித்துப் பாருங்கள். ஆயிரத்தைத் தாண்டிய பிறகு ஆயிரத்து ஐம்பதா, ஒன்பதாயிரமா என்பதில் வேறுபாடே இல்லை என்று வடிவமைப்பே ஒப்புக்கொள்கிறது. சரியான தொகையைச் சொல்ல முடியாத பாக்கியை வசூலிக்கவும் முடியாது, அடைக்கவும் முடியாது. பயமுறுத்த மட்டும்தான் முடியும்.

கணக்குப் போட்டாலே புரியும். 40 தளங்களுக்குச் சந்தா போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாக நாளைக்கு 5 பதிவு போட்டால், மொத்தம் 200. நீங்கள் தினமும் 40 பதிவு படிக்கிற நல்ல வாசகர் என்றே வைத்துக்கொண்டாலும், நாளைக்கு 160 மிஞ்சும். ஒரே வாரத்தில் 1,120. ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். கடைசியில் என்ன செய்வோம்? ‘எல்லாவற்றையும் படித்ததாகக் குறி’ என்ற பொத்தானை அழுத்துவோம். அந்தப் பொத்தான் இல்லாத வாசிப்பானைப் பார்ப்பது அபூர்வம். படிக்காததைப் படித்ததாகச் சொல்லித்தான் மேலே போக முடியும் என்றால், தவறு வாசகர் பக்கம் இல்லை, அளவுகோல் பக்கம்.

ஃபீட்லேண்ட் இதை எப்படி மாற்றுகிறது?

வைனர் 2000-களின் தொடக்கத்திலிருந்தே ‘செய்தி நதி’ என்ற அமைப்பை வலியுறுத்திவருகிறார். புதிய பதிவு மேலே வரும். பழையது கீழே இறங்கிக்கொண்டே போகும். எந்தத் தளத்திலிருந்து வந்தாலும் ஒரே ஓட்டம். ஆற்றங்கரையில் நிற்பவர் ஓடிப்போன தண்ணீரை எண்ணுவதில்லை. நிற்கிற நேரத்துக்கு எது வருகிறதோ அதைப் பார்ப்பார். தமிழில் ‘ஃபீட்’ என்பதற்கு ‘செய்தியோடை’ என்று பெயர் வைத்தவர்கள் இந்தக் கருத்தைப் பெயரிலேயே பிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபீட்லேண்டில் நதியோடு ஓர் எளிய பட்டியலும் உண்டு. நீங்கள் சந்தா போட்ட தளங்களில் எது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டதோ, அது மேலே நிற்கும். ஒரு தளத்துக்கு ஒரே வரி. அந்த வரியை விரித்தால் அதன் அண்மைப் பதிவுகள் தெரியும். எத்தனை பேர் அதற்குச் சந்தா போட்டிருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். தளங்களை வகைவகையாகப் பிரித்தும் வைக்கலாம்.

தமிழ் வாசகர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டியை நினைத்துப் பாருங்கள். வலைப்பதிவுகளின் ஓடைகளை எடுத்து, புதிய இடுகைகளை மேலே காட்டிக்கொண்டிருந்த தளம் அது. ‘உனக்கு இத்தனை பாக்கி’ என்று அது யாரையும் அதட்டியதில்லை. வந்தோம், மேலே இருந்ததைப் பார்த்தோம், பிடித்ததைத் திறந்தோம், போனோம். ஒரு காலத்துத் தமிழ் வலையுலகம் மொத்தமும் அந்த நதிக்கரையில்தான் கூடியது.

குறை 1: ‘முக்கியமானதைத் தவறவிட்டுட்டா?’

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நியாயமான கேள்விதான். ஆனால், எண்ணிக்கை காட்டும் வாசிப்பானில் தவறவே விடாது என்று யார் சொன்னது? 1000+ க்கு நடுவில் கிடக்கும் ஒரு நல்ல கட்டுரையும், நதியில் கீழே இறங்கிப்போன நல்ல கட்டுரையும் வாசகருக்கு ஒன்றுதான். இரண்டையும் அவர் பார்க்கப் போவதில்லை. முதலாவதில் குற்றவுணர்ச்சி மட்டும் கூடுதல்.

உண்மையிலேயே பெரிய செய்தி ஒன்றாக இருந்தால், அது ஒரு தளத்தோடு நிற்காது. ஒருவர் எழுதுவார், இன்னொருவர் அதைச் சுட்டிக்காட்டுவார், மூன்றாமவர் மறுப்பார். காலையில் தவறவிட்டது சாயங்காலம் வேறொரு தளத்தின் வழியாக மறுபடி மேலே வரும். பேப்பர் படிக்காத நாளிலும் டீக்கடையில் காதில் விழுகிற செய்தி மாதிரிதான்.

இன்னொன்று, படிக்காதவை எண்ணிக்கை நம் தேர்வையே கெடுத்துவிடுகிறது. எண்ணைக் குறைப்பதே குறிக்கோள் ஆனதும், சின்னச் சின்னப் பதிவுகளைத் தட்டித்தட்டி முடிப்போம். அரைமணி நேரம் பிடிக்கும் நீளமான கட்டுரையைத் தள்ளிவைப்போம். ஏனென்றால், அதைப் படித்தாலும் குறையப்போவது ஒன்றுதான்.

குறை 2: ‘பெரிய தளங்கள் சின்னவங்களை மூழ்கடிச்சிடாதா?’

மற்ற எல்லாக் குறைகளையும்விட வலுவானது இது. நாளைக்கு நூறு செய்தி போடும் நாளிதழும், மாதம் ஒரு கட்டுரை எழுதும் வலைப்பதிவரும் ஒரே நதியில் இருந்தால், வலைப்பதிவரின் கட்டுரை ஒருமணி நேரத்தில் கண்ணைவிட்டுப் போய்விடும். சுத்தமான காலவரிசைக்கு இது உண்மையான பலவீனம். மின்னஞ்சல் அமைப்பில், மாதம் ஒருமுறை எழுதுபவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘1’ என்று தடித்த எழுத்தில் தெரியும். அது ஒரு நல்ல வசதி என்பதை மறுக்க முடியாது.

இதற்கு ஃபீட்லேண்ட் தரும் பதில் அந்தத் ‘தளத்துக்கு ஒரு வரி’ பட்டியல்தான். நூறு செய்தி போட்டாலும் நாளிதழுக்கு ஒரு வரி. ஒரே கட்டுரை போட்டாலும் வலைப்பதிவருக்கு ஒரு வரி. அடிக்கடி எழுதுபவர் மேலே நிற்பார் என்பது உண்மைதான். ஆனால், அவர் எத்தனை எழுதினாலும் அடைத்துக்கொள்வது ஒரே ஒரு இடத்தைத்தான். 40 தளங்கள் என்றால் 40 வரி. ஒருமுறை மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினாலே, யாரெல்லாம் இன்று எழுதினார்கள், யார் நேற்று எழுதினார்கள் என்று பிடிபட்டுவிடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் வகை பிரிக்கலாம். நாளிதழ்கள் ஒரு பக்கம், அடிக்கடி எழுதாத நண்பர்கள் ஒரு பக்கம். இந்தப் பிரிப்பை வாசகரே செய்ய வேண்டும் என்பது ஒரு வேலைதான். ஆனால், அது ஒருமுறை செய்யும் வேலை. பாக்கி எண்ணைக் குறைப்பதோ தினமும் செய்யும் வேலை.

குறை 3: ‘முக்கியமானதை அதுவே எடுத்துத் தரக் கூடாதா?’

ஃபேஸ்புக் தன் நியூஸ் ஃபீடை 2006-ல் அறிமுகப்படுத்தியது. 2016-ல் ட்விட்டர், இன்ஸ்டாகிராம் இரண்டும் வெறும் காலவரிசையை விட்டு விலகி, ‘உங்களுக்குப் பிடிக்கக்கூடியது’ என்று தாங்கள் கணிப்பதை மேலே காட்டத் தொடங்கின. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, நேரப்படி வரிசையாக வரும் பட்டியல் சோம்பேறித்தனமாகத் தோன்றலாம்.

ஆனால், காலவரிசைக்கு வேறெதற்கும் இல்லாத ஒரு நேர்மை உண்டு. ‘இது ஏன் மேலே இருக்கு?’ என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லலாம்: ‘கடைசியாக வந்தது இதுதான்.’ வாசகரால் அதைச் சரிபார்க்க முடியும். கணிப்பு நிரல்கள் மேலே காட்டும் பதிவுக்கு அப்படி ஒரு பதில் கிடையாது. நீங்கள் எதில் நின்றீர்கள், எதற்குக் கோபப்பட்டீர்கள், எந்த விளம்பரத்துக்குப் பக்கத்தில் எது ஒத்துப்போகும் என்று பல கணக்குகள் அதில் கலந்திருக்கும். உங்களுக்கு அவை தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது.

செய்தியோடை வாசிப்பானில் தேர்வு ஏற்கெனவே நடந்துவிட்டது. யாரைப் படிக்கணும் என்று நீங்கள்தான் முடிவு செய்தீர்கள். அதற்கு மேல் இன்னொருவர் உட்கார்ந்து உங்கள் தேர்விலிருந்து மறுபடி தேர்வு செய்யத் தேவையில்லை. ஒரு தளம் சலிப்பு தட்டினால் சந்தாவை எடுத்துவிடலாம். அதோடு அது போய்விடும். சமூக ஊடகங்களில் இந்த எளிய அதிகாரம்தான் நம் கையிலிருந்து நழுவியது.

குறை 4: ‘நான் எதைப் படிக்கிறேன்னு ஊருக்கே ஏன் தெரியணும்?’

ஃபீட்லேண்டில் நீங்கள் சந்தா போட்டிருக்கும் பட்டியல் பொதுவில் தெரியும். மற்றவர் பட்டியலை நீங்கள் பார்க்கலாம், உங்கள் பட்டியலை மற்றவர் பார்க்கலாம். அதில் பிடித்த தளம் இருந்தால் அங்கேயே குறியிட்டு நீங்களும் சந்தா சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. செய்தியோடைகளின் பெரிய சிக்கலே ‘நல்ல தளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்பதுதான். வாசிப்பான்கள் எல்லாம் தனித்தனி அறைகளாக இருந்ததால், ஒரு நல்ல வாசகர் பல வருடம் தேடிச் சேர்த்த பட்டியல் அவரோடு முடிந்துபோனது. பட்டியல் திறந்திருந்தால், கல்வித்துறையைப் பத்தாண்டுகளாகக் கவனிக்கும் ஒருவர் யார் யாரைப் படிக்கிறார் என்று ஒரு மாணவர் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். விஷயம் தெரிந்தவர் வீட்டுக்குப் போனால், அவர் அலமாரியில் என்னென்ன புத்தகம் இருக்கு என்று முதலில் பார்ப்போமே, அது மாதிரி.

ஆனால், இந்தக் குறையைச் சும்மா தள்ளிவிடவும் கூடாது. யார் வீட்டுக்கு எந்தப் பேப்பர் போகிறது என்று பேப்பர் போடும் தம்பிக்குத் தெரியும். தெரு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் தன் நோயைப் பற்றிய தளத்தைப் படிக்கலாம். வேலை மாறத் தேடிக்கொண்டிருக்கலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாத அரசியல் ஆர்வம் இருக்கலாம். அப்படிப்பட்ட சந்தாக்களுக்கு இது இடமில்லை. அவற்றுக்கு, உங்கள் கணினியிலேயே இயங்கும் தனி வாசிப்பான்தான் சரி.

இந்த வடிவமைப்புக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது இதுதான்: பொதுவில் தெரியும் என்பது இதன் அடிப்படை, மறைத்துவைத்த விஷயம் அல்ல. நாம் படிப்பதைச் சத்தமில்லாமல் கவனித்து, அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் தளங்களில் நமக்குத் தனிமை இருப்பதாக ஒரு பிரமைதான் கிடைக்கிறது. கண்ணாடிச் சுவர் என்று தெரிந்து உள்ளே போவதும், சுவரில் ஓட்டை இருப்பது தெரியாமல் உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல.

குறை 5: ‘இதுவும் ஒரு நாள் மூடிட்டா?’

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. கூகுள் ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. ஜூலை 1-ஆம் தேதி மூடியும் விட்டது. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் மட்டும் 5 லட்சம் பேர் தன்னிடம் வந்து சேர்ந்ததாக ஃபீட்லி என்ற வாசிப்பான் சொன்னது. அதே 2013-ல் மாற்றாக வந்த டிக் ரீடரும் 2018 மார்ச்சில் மூடப்பட்டது. ‘அப்போ எதுக்கு இணையவழி வாசிப்பான்? கணினியிலேயே ஒண்ணு வெச்சுக்கலாமே?’ என்பது சரியான கேள்வி.

இணையவழி என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஒரு சிறிய வலைப்பதிவுக்கு 1,000 வாசகர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரின் கணினியிலும் தனித்தனி வாசிப்பான் இருந்து, அரைமணிக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால், நாளைக்கு 48,000 முறை அந்தத் தளத்தின் கதவு தட்டப்படும். இணையவழி வாசிப்பானில், அதன் வழங்கி எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். நாளைக்கு 48 முறை. புதிதாக எதுவும் இல்லையென்றால் ‘மாற்றமில்லை’ என்று பொருள்படும் 304 என்ற குறியீட்டை மட்டும் தளம் திருப்பி அனுப்பும் வசதியும் இருக்கிறது. சொந்தக் காசில் தளம் நடத்துபவர்களுக்கு இது சாதாரண உதவி இல்லை. வாசகருக்கும் லாபம்தான், அலுவலகக் கணினி, வீட்டு லேப்டாப், போன் என்று எங்கே திறந்தாலும் அதே பட்டியல்.

மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் ஓபிஎம்எல் என்ற கோப்பு. நீங்கள் எந்தெந்தத் தளங்களுக்குச் சந்தா போட்டிருக்கிறீர்கள் என்ற முழுப் பட்டியலும் அந்த ஒரே கோப்பில் அடங்கும். அதை இறக்கி இன்னொரு வாசிப்பானில் ஏற்றினால் அங்கேயே தொடரலாம். 2013-ல் கூகுள் ரீடரை விட்டுக் கிளம்பியவர்கள் பட்டியலை இழக்காமல் வெளியேற முடிந்ததும் இப்படித்தான். ஃபீட்லேண்டிலும் பட்டியல் ஓபிஎம்எல் வடிவில் கிடைக்கிறது. அதன் வழங்கிக்கான மூலநிரலும் திறந்த நிலையில் வெளியிடப்பட்டிருப்பதால், தெரிந்தவர்கள் தாங்களே ஒன்றை நிறுவி நடத்தவும் முடியும்.

சமூக ஊடகம் ஒன்று மூடினாலோ, உங்கள் கணக்கை முடக்கினாலோ, நீங்கள் பின்தொடர்ந்தவர்களை வேறு இடத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியுமா? வாசிப்பான் மூடினால் போவது கடை மட்டும்தான். சரக்கு உங்கள் கையில் இருக்கும்.

யாருக்கு இது சரிவராது?

ஒன்றுகூட விடாமல் பார்த்தே ஆகவேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு நதி போதாது. மென்பொருள் பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் கவனிக்கும் பொறியாளர், தன் துறை இதழ்களில் வரும் ஒவ்வொரு கட்டுரைத் தலைப்பையும் பார்க்க வேண்டிய ஆய்வு மாணவர், டெண்டர் அறிவிப்புகளைப் பின்தொடரும் ஒப்பந்ததாரர் ஆகியோருக்குப் படித்தது எது, படிக்காதது எது என்ற கணக்கு கட்டாயம் வேண்டும். அவர்களுக்கு வருவது பெயர் ஓடையாக இருந்தாலும், உண்மையில் அது கடிதம்தான். மின்னஞ்சல் அமைப்பு அங்கே சரியான கருவி.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் இரண்டு வாசிப்பான் வைத்துக்கொள்ளலாம். ஓடை பொதுவானது, அதை எந்தக் கருவியில் திறப்பது என்பது உங்கள் விருப்பம். விடக்கூடாத ஐந்தாறு தளங்களை எண்ணிக்கை காட்டும் வாசிப்பானிலும், மற்ற எல்லாவற்றையும் நதியிலும் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது. ஆக, ஃபீட்லேண்ட் போன்ற வடிவமைப்பைக் குறை சொல்பவர்களும் தவறாகச் சொல்லவில்லை. தங்களுக்குத் தேவையான வேறொரு கருவியை இதில் தேடுகிறார்கள்.

தொடங்குவது எப்படி?

தமிழ் வலைப்பதிவுகள் பெரும்பாலும் பிளாகரிலோ வேர்ட்பிரஸ்ஸிலோ இயங்குகின்றன. இரண்டுமே செய்தியோடையைத் தானாகவே உருவாக்கிவிடுகின்றன. எழுதுபவர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் தளம் என்றால், முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் பொதுவாக ஓடை கிடைத்துவிடும். பல வாசிப்பான்கள் தளத்தின் முகவரியை மட்டும் கொடுத்தாலே ஓடையைத் தாங்களே தேடிப் பிடித்துக்கொள்ளும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு.

முதல் நாளே நூறு தளங்களைச் சேர்க்க வேண்டாம். பத்தில் தொடங்குங்கள். அதில் நாளிதழ் இரண்டுக்கு மேல் வேண்டாம். மற்றவை எப்போதாவது எழுதினாலும் யோசித்து எழுதுபவர்களாக இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து, எந்தத் தளத்தைத் திறக்கவே இல்லையோ அதை எடுத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை ஓபிஎம்எல் கோப்பை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஊருக்குப் போய்விட்டு வந்த அன்று வாசிப்பானைத் திறந்தால், அன்றைய செய்தி மேலே இருக்கும். போன வாரத்துச் செய்தி கீழே எங்கோ இருக்கும். வேண்டுமென்றால் தேடிப் போய்ப் படிக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.